வெறும் வயிற்றில் வைத்த ஊசி

பூம்பாறையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது அப்பா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துப் பார்த்து நடந்தேன். மலைக்குள் இருக்கும் போளூரிலிருந்து முந்தின நாள் கிளம்பியவர்கள் நாங்கள். அங்கே ஒருவருடைய உருளைக்கிழங்குக் காட்டில் அப்பா வேலை செய்துகொண்டிருந்தார். அந்த மாசியில் அவருடைய வலது கை தோளுக்கு மேல் போகாமல் நின்றுவிட்டது. மூட்டை தூக்க முடியவில்லை. சட்டை மாட்டுவதற்கே அம்மா வரவேண்டியிருந்தது. காட்டுக்காரர் கெட்டவர் அல்ல. "கை சரியானதும் வா. அதுவரைக்கும் ஒனக்கு இங்க என்ன சோலி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அம்மாவும் தங்கையும் அங்கேயே களை எடுக்க நின்றுகொண்டார்கள். துணிமூட்டையைத் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்பதால் நான் அப்பாவோடு கிளம்பினேன். பள்ளிக்கூடம் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது, அதனால் எனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கோடைக்கானல் கடைவீதியில் கம்பளிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் ஊசி வைத்து வலியை எடுக்கிறார் என்று கிழங்கு ஏற்ற வந்த லாரிக்காரர் சொல்லியிருந்தார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவராம். ரங்கூனில் பக்கத்துக் கடைச் சீனரிடம் கற்றுக்கொண்டாராம். காசு வாங்கமாட்டாராம். ஊசிக்குள் மருந்து கிடையாதாம். மருந்தில்லாத ஊசி எதற்கு என்று வழி முழுவதும் யோசித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே ஊசி அம்மை குத்த வந்தவர் கொண்டுவந்தது. அவரைக் கண்டதும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் காட்டுக்குள் ஓடியிருந்தோம்.

ஓர் ஓடைப் பக்கம் உட்கார்ந்து அப்பா மூட்டையை அவிழ்த்தார். சுட்ட கிழங்கு கொஞ்சம் மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளினார்.

"இன்னைக்குக் கிருத்திகைடா. நான் வெரதம். நீ தின்னு."

அப்பா விரதம் இருந்து நான் பார்த்ததில்லை. கை சரியாக வேண்டும் என்று பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டிருப்பார் என்று நினைத்தேன். தோல்கூட மிச்சம் வைக்காமல் தின்றேன்.

கடைவீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வெயில் என்றுதான் பெயர், குளிர் அடித்தது. பாய் கைலிமேல் சுவெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருந்தது. அப்பா கையைப் பற்றிச் சொன்னதும் எங்களைக் கடையின் பின்னறைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு கட்டில், ஒரு முக்காலி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அடுப்பில் இருந்த பாத்திரத்தில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன.

"சாப்டாச்சா?" என்று முதலில் கேட்டார்.

"ஆச்சுங்க பாய்."

அடுத்தவர் வீட்டு வாசலில் இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரே பதில்தான் உண்டு. இல்லை என்று சொன்னால் சோறு கேட்டது மாதிரி ஆகிவிடும். பேசக் கற்றுக்கொள்ளும்போதே கற்றுக்கொள்கிற பதில் அது. நானும் வேகமாகத் தலையாட்டினேன்.

பாய் விடவில்லை. "காலையில என்ன சாப்டீங்க?"

"கெழங்குங்க."

கிழங்கு இருந்தது உண்மைதான். வயிறுதான் வேறு.

அதற்குப் பிறகும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எப்போதிருந்து வலி, கீழே விழுந்து அடிபட்டதா, விரல் மரத்துப்போகிறதா, காயம் பட்டால் ரத்தம் நிற்காமல் வருகிற சீக்கு உண்டா, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா. "அடிபட்டிருந்தாலோ கை மரத்துப் போயிருந்தாலோ இது என் சோலி இல்லைங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு அனுப்பிருவேன்" என்றார். முதல் கேள்வி போக மற்ற எல்லாவற்றுக்கும் அப்பா இல்லை என்றார். இவையெல்லாம் நிஜமான இல்லைகள்.

பாய் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கொதித்த ஊசி ஒன்றை ஆறவைத்து எடுத்தார். நான் பயந்த அளவுக்கு அது இல்லை. தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். முக்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் வேட்டியை விலக்கி, முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலின் ஓரத்தில் அழுத்திப் பார்த்தார்.

"பாய், வலி தோள்லங்க" என்றார் அப்பா.

"தெரியுதுங்க. வீடு அங்க இருக்கு, வாசல் இங்க இருக்கு."

ஊசி உள்ளே போனது. அப்பா முகம் சுளிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. அந்தக் குளிரில் வியர்வையைப் பார்த்து நான் எழுந்து நின்றேன். உதடு வெளுத்தது. "தலை கெறங்குது" என்று சொல்லி முடிப்பதற்குள் அப்பா முக்காலியிலிருந்து சரிந்தார்.

கடையில் கம்பளி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். "ஊசிய வச்சு ஆளையே முடிச்சிட்டாரு" என்று ஒருவர் நிதானமாகச் சொன்னார். நான் அழவில்லை. போளூருக்குத் தனியாகத் திரும்பும் வழியில் எந்த இடத்தில் இடதுபக்கம் பிரியவேண்டும் என்பதும், அம்மாவிடம் முதலில் என்ன சொல்வது என்பதுமே மனதில் ஓடின.

பாய் சரிந்தவரைத் தாங்கிப் பிடித்து, ஊசியை உருவிவிட்டுத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்தார். கம்பளிக் கட்டு ஒன்றை இழுத்துக் காலுக்கு அடியில் உயரமாக வைத்தார். "ஒண்ணுமில்ல, மயக்கந்தான். காத்து வர விடுங்க" என்று கூட்டத்தை விலக்கினார். பின்பக்கம் பார்த்து, "டீயில சீனிய அள்ளிப் போட்டு வெரசாக் கொண்டா" என்று மனைவியிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏலே, அப்பா காலையில என்ன தின்னாரு?"

"ஒண்ணும் திங்கல. இன்னைக்குக் கிருத்திகை. அப்பா வெரதம்."

பாய் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிருத்திகை போன வாரமே போயிருச்சேப்பா. எங்க அண்ணன் பழனியில அடிவாரத்துல கடை வச்சிருக்கான். கிருத்திகைக் கூட்டத்துக்கு ஒத்தாசைன்னு என்னையத்தான் கூப்பிடுவான். போயிட்டு வந்த கால்வலியே இன்னும் போகல."

அப்பா கண்ணைத் திறந்திருந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு முஸ்லிமுக்கு முருகனின் நாள் எப்படித் தெரியும், அவர்தான் தப்பாகச் சொல்கிறார் என்று நான் அப்பாவுக்காகப் பேச வாயெடுத்தேன். பாய் முந்திக்கொண்டார்.

"சரி, நாள்கணக்கு மாறிப்போறது உள்ளதுதான். வெரதத்த இங்கயே முடிச்சிருவோம்."

டீ குடித்த பிறகு அப்பாவின் முகத்துக்கு நிறம் வந்தது. அப்புறம் சோறு வந்தது. அடுப்படியிலிருந்து ஆட்டுக்கறி மணம் வந்துகொண்டிருந்தது. ஆனால் பாயின் மனைவி விரதக்காரருக்கு என்று பருப்பும் முட்டைக்கோசும் மட்டும் வைத்தார். வாயைத் திறந்து கேட்க வழியில்லாமல் அப்பா பருப்பைப் பிசைந்தார். "பையனுக்கு என்ன வெரதம்?" என்று எனக்குக் கறி விழுந்தது. அப்பா என் இலையை ஒரே ஒருமுறை பார்த்தார்.

"தப்பு என்னுதுதான்" என்றார் பாய், அப்பா சாப்பிட்டு முடித்ததும். "நான் ஊசிக்காகக் கேட்டேன். நீங்க மரியாதைக்குப் பதில் சொன்னீங்க. நோன்பு மாசத்துல பகல்ல என் பொஞ்சாதிக்கே நான் ஊசி வைக்கமாட்டேன். வெறும் வயித்துல, அதுவும் நடந்து வந்த களைப்புல வைக்கவே கூடாது. மொத தடவைங்கிறப்ப உக்காரவும் வச்சிருக்கக் கூடாது."

நல்ல ஓய்வுக்குப் பிறகு, அப்பாவிடம் சம்மதமா என்று கேட்டுவிட்டு, கட்டிலில் படுக்கவைத்து மறுபடி வைத்தார். "சுரீர்னு இழுத்தாச் சொல்லுங்க, எடுத்திருவேன். மந்தமா, கனமா இருந்தா அதுதான் வேணும். பல்லக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டுக் கெடக்காதீங்க."

"யாரோ உள்ளாற இருந்து வெரலால அமுக்குற மாதிரி கெடக்கு" என்றார் அப்பா.

ஊசி காலில் இருக்கும்போதே கையை மெல்லத் தூக்கச் சொன்னார். தோள் மட்டத்துக்குப் போயிற்று. அதற்குமேல் ஒரு விரற்கடை. அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய அதிசயமாக இருந்தது.

"இன்னைக்கு இம்புட்டுத்தான். வாரம் ஒருக்கா வாங்க. நாளைக்குக் கொஞ்சம் வலிக்கும், பயப்படாதீங்க. நாலஞ்சு தடவைக்கு மேலயும் ஒண்ணும் தெரியலன்னா நானே நிறுத்திருவேன். எல்லாருக்கும் இது கேக்காதுங்க" என்றார் பாய். சட்டென்று எழுந்திருக்கவும் விடவில்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் நிற்கவைத்தார்.

பிற்பாடு எத்தனையோ ஊர் சுற்றி, எத்தனையோ வேலை பார்த்து, முதுகும் முழங்காலும் தேய்ந்து, நானும் இந்த ஊசிக்குப் படுத்திருக்கிறேன். இப்போது அதை அக்குபஞ்சர் என்று போர்டு வைக்கிறார்கள். போகலாமா என்று யாராவது கேட்டால் பாய் சொன்னதையே சொல்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போ. ஊசி சுத்தமானதா, வைப்பவர் எங்கே படித்தார் என்று கேள். அவர் கேட்பதற்கு உள்ளதைச் சொல். ஒரே நாளில் எழுந்து ஓடுவாய் என்று நினைக்காதே. அந்தச் சீசன் முடிகிற சமயத்தில் அப்பா தானாகச் சட்டை மாட்டிக்கொண்டார். ஊசியாலா, நாளாக ஆகத் தானாகவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க அப்பாவுக்கும் தோன்றவில்லை.

அன்று கடையிலேயே தங்கச் சொன்னார் பாய். மேலே ஒரு பங்களாவில் சீசனுக்கு முன்னால் வெள்ளையடிக்க ஆள் தேடுகிறார்கள் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, "கை இன்னும் மேல போகலையே" என்று இழுத்தார்.

"பாத்துக்கிறேங்க. வெள்ளனே போயிர்றேன்" என்றார் அப்பா.

காலையில் பங்களாவில் மேஸ்திரி கேட்டது ஒரே கேள்விதான். "ஏணி ஏறுவியா?"

"ஏறுவேங்க."

மற்றவர்கள் ஏணியின் நடுவில் நின்று, கையைத் தலைக்கு மேல் நீட்டிச் சுண்ணாம்பு மட்டையைச் சுவரில் இழுத்தார்கள். அப்பா ஏறினார், இன்னும் ஏறினார், தலை கூரையைத் தொடுகிற வரைக்கும் ஏறி அங்கே நின்று, தன் நெஞ்சுக்கு நேரே இருந்த சுவரில் அடிக்கத் தொடங்கினார். நேற்று முக்காலியிலிருந்து விழுந்தவர் இன்று எல்லோரையும்விட உயரத்தில் நிற்கிறார் என்று ஏணிக்காலைப் பிடித்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. கை ஏறாத தூரத்தைத்தான் கால் ஏறியிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

"அப்பா, கை சரியாப் போச்சா?" என்று கத்திக் கேட்டேன்.

சுண்ணாம்பு ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது.

"ஏணி நல்ல ஏணிடா" என்றார் மேலிருந்து. "கெட்டியாப் புடிச்சுக்க."