வந்ததற்குக் கிடைத்த இழுப்பு

எங்கள் நாய் ஆடு துரத்தும். செம்மண் நிறத்தில், ஒரு காது மடிந்த நாட்டு நாய். கண் திறக்காத குட்டியாகப் புளியமரத்தடியில் கிடந்ததை நான்தான் எடுத்து வந்து பால் ஊற்றி வளர்த்தேன். ஒன்றரை வயதில் அது பக்கத்து நிலத்துக்காரரின் ஆட்டுக்குட்டி ஒன்றைப் பின்னங்காலில் கடித்துவிட்டது. அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னொரு வாட்டி எங்க ஆட்டாண்ட வந்துச்சுன்னா சோத்துல மருந்து வெச்சுடுவேன். அப்பால என்னைக் கேக்கக் கூடாது."

அவர் சொன்னால் செய்வார். மறுநாளே பஸ் ஏறித் திருப்பத்தூர் போய் முள்பட்டை ஒன்று வாங்கி வந்தேன். இரும்புக் கண்ணிகள் கோத்த கழுத்துப்பட்டை; உட்பக்கம் மழுங்கிய முட்கள். கயிற்றை இழுத்தால் அவை கழுத்தில் அழுந்தும், விட்டால் தளரும். எப்படி மாட்டுவது என்று கடைக்காரர் காட்டினார். எப்போது இழுப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டிலிருக்கும் என் கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்து சேர்ந்தாள். அமிர்திப் பக்கம் பிறந்தவள். வேலூரில் நாய்களைப் பழக்கும் ஓர் இடத்தில் கூண்டு கழுவும் வேலைக்குப் போனவள், பார்த்துப் பார்த்து அந்தத் தொழிலையும் கற்றுக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். காலையில் போனால் திரும்ப மூன்று மணியாகும். அவ்வளவு நேரமும் நாய் அவளிடம்.

முதல் பத்து நாள் அவள் பட்டையைத் தொடவே இல்லை. வேகவைத்த மரவள்ளித் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு 'வா', 'வுடு' என்ற இரண்டே சொற்களைச் சொல்லிக்கொடுத்தாள். அவை நாய்க்கு நன்றாகப் பதிந்த பிறகே பட்டையை மாட்டி ஆட்டுப் பக்கம் கூட்டிப்போனாள். ஆட்டைப் பார்த்து நாய் விறைத்தால் 'வுடு' என்பாள். கேட்காவிட்டால் மணிக்கட்டால் ஒரே ஒரு சுண்டு. உடனே கயிறு தளர்ந்துவிடும். நாய் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கும். அவள் சிரித்துக்கொண்டே அதன் மார்பைத் தடவுவாள். வேலை முடிந்ததும் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள்.

"அந்தப் பொண்ணு சொன்னா இன்னாமா கேக்குது பாரு" என்றார் என் வீட்டுக்காரர், சாப்பிட்டுக்கொண்டே.

மறுநாளிலிருந்து கறிக்கடையில் கோழித்தோல் கேட்டு வாங்கி வந்து நாய்க்குப் போட ஆரம்பித்தேன். நாய் வாலை ஆட்டிக்கொண்டு தின்னும். தின்றுவிட்டு நேராக அவள் வாசலுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காலில் தலையை வைத்து நாய் படுத்திருந்தது. அப்போதுதான் நிலத்திலிருந்து வந்திருப்பார்கள் போல, கழுத்தில் பட்டையும் நீளக் கயிறும் இருந்தன. "வா" என்றேன். நாய் எழுந்தது. ஒருமுறை அவளைப் பார்த்தது. பிறகு மெதுவாக நடந்து என்னிடம் வந்தது.

அந்த ஒரு பார்வைதான் எனக்குப் பொறுக்கவில்லை. கயிற்றை எடுத்து, பலம் கொண்ட மட்டும் வெட்டி இழுத்தேன். நாய் வீலென்று கத்தித் தரையோடு ஒட்டிக்கொண்டது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அக்கா, கூப்ட்டீங்க, வந்துச்சு. வந்ததுக்கா இழுத்தீங்க?"

"என் நாய். நான் இழுப்பேன், வுடுவேன். ஒனக்கு இன்னா?" என்றேன்.

அதன் பிறகு நாய் நான் கூப்பிட்டால் வரவில்லை. ஓடவும் இல்லை; பத்தடி தள்ளி நின்று என் கைகளையே பார்க்கும். அந்த வாரமே ஆட்டுக்காரரின் மந்தை எங்கள் வரப்போரம் வந்தது. கட்டாமல் இருந்த நாய் பாய்ந்தது. "வா, வா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பாதி வழியில் நின்றது, என்னைப் பார்த்தது, மறுபடி ஆடுகளை நோக்கி ஓடியது. உள்ளேயிருந்து அவள் வந்து ஒரே ஒருமுறை கூப்பிட்டாள். நாய் வளைந்து திரும்பி அவளிடம் போய் உட்கார்ந்தது. ஆட்டுக்காரர் கம்போடு நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த நிமிஷம் அவளை நான் வெறுத்த அளவுக்கு யாரையும் வெறுத்ததில்லை. அதே நிமிஷம், அவள் இல்லாவிட்டால் நாய் செத்திருக்கும் என்பதும் தெரிந்தது.

மறுநாள் பட்டையை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். "நீ எப்பிடி இழுக்கறே, காட்டு" என்று கையை நீட்டினேன்.

அவள் பட்டையை என் முன்கையில் மாட்டி ஒரு சுண்டு சுண்டினாள். யாரோ பிடித்து நிறுத்திய மாதிரி இருந்தது, அவ்வளவுதான். "தெரியாததுக்கு இழுக்கக் கூடாதுக்கா. தெரிஞ்சும் செய்யலன்னா ஒரு வாட்டி. அத்தோட வுட்டுடணும். நம்ம கோவத்த கயித்துல காட்டக் கூடாது."

"நான் அன்னிக்கு இழுத்த மாரி இழு."

"வேணாங்கா."

அவள் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி நானே இழுத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோலில் வரிசையாகச் சிவந்த புள்ளிகள். அவள் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவினாள். அவள் இவ்வளவு நல்லவளாக இருந்ததும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

மரவள்ளித் துண்டிலிருந்து நானும் தொடங்கினேன். என் கைக்கு எட்டும் தூரத்துக்கு நாய் வருவதற்கே மூன்று வாரம் ஆனது. பட்டையை மாட்ட இன்னும் ஒரு மாதம். மழைக்காலம் முடிவதற்குள் மந்தை தாண்டிப் போகையில் 'வுடு' என்று நான் மெல்லச் சொன்னாலே கேட்டது. "பரவால்லியே" என்றார் ஆட்டுக்காரர்.

தை மாதம் ஓரகத்தி பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். நாலாம் நாள் போன் செய்தாள். தன் உடம்பைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே கேட்டாள்: "அக்கா, நாய் எப்பிடிக்கீது? என்னைத் தேடுதா?"

நாய் அவளுடைய பூட்டிய கதவோரம் படுத்திருந்தது. காலையில் வைத்த சோறு அப்படியே ஈ மொய்த்துக் கிடந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் தேடல. நல்லா துன்னுது, தூங்குது" என்றேன்.

"அப்பிடியா" என்றாள். அந்தக் குரல் கொஞ்சம் இறங்கியது எனக்குக் கேட்டது. கேட்டது, இனித்தது.