என் கூரையிலிருந்து வந்த குரல்

புயல் எங்கள் உதுவாதோ மலையில் ஒரு செல்போன் கோபுரத்தையும் விட்டுவைக்கவில்லை. காலியாகக் கிடக்கும் டிவி அலைவரிசையைத் தானே தேடிப் பிடிக்கும் ரேடியோப் பெட்டிகளைக் கூரைதோறும் கட்டினோம். வேண்டியவர் பேசிய செய்தியைப் பெயர் சொல்லிக் கேட்டால், வழியில் அதை நகலெடுத்து வைத்திருக்கும் பக்கத்துப் பெட்டியே கொடுத்துவிடும். அது பழசா புதுசா என்று அந்தச் சனியன் பார்க்காது.

பக்கத்து வீட்டு நெரெய்தா தையல்காரி. காலையில் காபி வடிக்கும்போது, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மகன் வில்ஃபிரெடோவின் குரலைப் பெட்டியில் கேட்பாள்.

"நல்லாத்தான் இருக்கேம்மா, தண்ணி வடிஞ்சிருச்சு."

"தினமும் இதையே சொல்றானே?" என்றேன்.

"அவங்கப்பன் மாதிரிதான். அதுக்கு மேல பேசினா வாயில முத்து உதிர்ந்துடும்."

மீட்பு ஆட்கள் வந்தபோது, "அவன் இன்னிக்கிக்கூடப் பேசினான், வேற வீட்டைப் பாருங்கப்பா" என்று அனுப்பிவிட்டாள்.

மலை சரிந்து அவன் வீட்டை மூடியிருந்தது. நாள் கழித்துத் தோண்டியபோது கதவின் உட்புறமெல்லாம் கீறல்கள். அவன் பேசியது ஒரே ஒரு முறை, சரிவுக்கு முன்னால். அதற்குப் பிறகு பதில் சொன்னதெல்லாம் என் கூரைப் பெட்டியில் இருந்த நகல்.

இப்போதும் காலையில், நகலை யாரோ கேட்டதற்கு அடையாளமாக, அந்தப் பெட்டியின் பச்சை விளக்கு ஒருமுறை மினுங்கும். நெரெய்தா காபி வடிக்கிறாள்.