அம்பு ஒட்டிய மாத்திரைப் பெட்டி

பெரியம்மாவைத் தொழிற்சாலையில் எல்லாரும் செக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தைத்து முடித்த சட்டைகளை உள்பக்கம் திருப்பி, காலரில் தொடங்கி ஓரம்வரை விரலை ஓட்டிப் பார்ப்பது அவருக்கு இருபத்தாறு வருட வேலை. தவறு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். அம்பு ஒட்டினால் சட்டையைக் கழித்துவிட்டதாகப் பொருளில்லை. தைத்தவரிடம் திரும்பிப் போய்ச் சரியாகி வர வேண்டும், அதுவரை பெட்டிக்குள் போகக் கூடாது, அவ்வளவுதான். கழிப்பதற்கு வேறு கூடை.

வேலை முடிந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. புற்றுநோய் டாக்டரை முதன்முதலாகப் பார்க்கப் போன அன்று, மார்பில் தொடங்கிய கட்டி இடுப்பெலும்புக்கும் போயிருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா அவருடைய கோட்டுப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "நூல் விட்டிருக்கு டாக்டர். ரெண்டு நாள் தாங்கும்" என்றார். அடுத்த தடவை போனபோது அந்தப் பொத்தான் இல்லை. அன்றிலிருந்து இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது, அதுவும் உயிர்வேதியியல். அதனால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணை. டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவேன். வெளியே வந்ததும் எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள். புரிந்துதான் தலையாட்டினேனா, புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டா என்று எனக்கே தெரியாத நாள்கள் உண்டு. மாத்திரை விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. செல் பிரிவதை முடுக்கிவிடும் நொதியைப் பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதியவள் நான். பெரியம்மாவுக்குக் கொடுத்தது அந்த நொதியை அடக்கும் மாத்திரை. மூன்று வாரம் தினம் ஒன்று, பிறகு ஒரு வாரம் ஓய்வு.

மருந்துக் கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவருக்கு விளக்கினேன். ஒரு செல் இரண்டாவதற்கு முன்னால் 'போகலாம்' என்று கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நொதி. கட்டிக்குள் இருக்கும் ஆள் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறான். மாத்திரை போய் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறது.

"அப்போ கண்ண மூடிக்கிட்டு ஓ.கே. போடுற ஆளு" என்றார் பெரியம்மா. "எங்க லைன்லயும் ஒருத்தன் இருந்தான். மேனேஜரோட மச்சான்."

சிரித்துவிட்டுச் சற்று யோசித்தார்.

"மாத்திரைக்கு நல்ல செல்லு எது, கெட்ட செல்லு எதுன்னு தெரியுமாடீ?"

"தெரியாது பெரியம்மா. எங்கெல்லாம் வேகமா பிரியுதோ அங்கெல்லாம் போய்த் தடுக்கும். அதான் ரத்தத்துல வெள்ளணுவும் குறையும்."

சரியாக விளக்கிவிட்டேன் என்ற திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

மாத்திரை தொடங்கிய இரண்டாம் மாதப் பாதியில் அக்கா, பெரியம்மாவின் ஒரே மகள், தாய்வீட்டுக்கு வந்தாள். வயிற்றில் ஏழு மாதம். படுத்தே இருக்க வேண்டும் என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த நாளே எனக்குப் போன் வந்தது. அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்று பேசுகிறாள், பக்கத்தில் உட்காரச் சொன்னால் வேலை இருக்கிறது என்கிறாள், தன் மேல் என்ன கோபம் என்றே தெரியவில்லை என்று அழுதாள். உடம்பு அசதியாக இருக்கும் என்று சமாதானம் சொன்னேன்.

மூன்றாம் மாதம் நான் போனபோது எல்லாம் மாறியிருந்தது. அக்காவின் தலையை மடியில் போட்டுக்கொண்டு பெரியம்மா சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. பதினைந்தாம் நாள் எடுப்பது வழக்கம். போன இரண்டு மாதமும் அந்த வெள்ளணு எண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. இந்தத் தடவை மூவாயிரத்து எண்ணூறு. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது போல என்று நர்ஸுக்குச் சந்தோஷம். நான் அந்தத் தாளை இன்னொரு முறை படித்தேன். மாத்திரை உள்ளே போயிருந்தால் அந்த எண் அவ்வளவு நன்றாக இருக்க வழியில்லை.

வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்தேன். மூன்றாம் மாதப் பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தது. அதன் மேல் சிவப்பு அம்பு.

பெரியம்மா பின்னால் வந்து நின்றார். அக்காவுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினார். "கழிக்கலடீ. அம்புதான் ஒட்டியிருக்கேன். கொழந்த பொறந்ததும் எடுத்துப் போட்டுக்குவேன்."

"ஏன் பெரியம்மா?"

"நீதானே சொன்னே, எங்கெல்லாம் வேகமா பிரியுதோ அங்கெல்லாம் போய்த் தடுக்கும்னு. அவ வயித்துல இருக்கறதவிட வேகமா எதுடீ பிரியும்? அவளத் தொடாம எத்தன நாள் இருப்பேன்?"

அவர் நான் சொன்னதை ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்காக யோசித்திருந்தார். மாத்திரை விழுங்கியவர் உடம்புக்குள்தான் வேலை செய்யும், தொட்டால் அடுத்தவருக்குப் போகாது என்பதை நான் சொல்லவே இல்லை. அதைப் போய் யாராவது சொல்வார்களா என்று நினைத்துவிட்டேன். இப்போது சொன்னேன். காலரைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் உறுதியா சொன்னே."

மறுநாள் டாக்டர் அறையில் முதல்முறையாகத் தலையாட்டாமல் பேசினேன். மாத்திரை நின்றுபோனதையும், அது என் விளக்கத்தால் என்பதையும் சொல்லி, "எனக்கு முழுசா தெரியல டாக்டர், நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் பெரியம்மாவிடம் திரும்பினார். "நீங்க பயந்தது ஒண்ணும் முட்டாள்தனம் இல்லம்மா. கர்ப்பமா இருக்கறவங்க இந்த மாத்திரையச் சாப்பிடவே கூடாது. ஆனா உங்க விரல் வழியா அது போகாது. பொண்ணு மாத்திரையத் தொட வேணாம். நீங்க எடுத்துப் போட்டுக்கிட்டுக் கையக் கழுவிடுங்க. அப்புறம் தலை சீவுங்க, கால் அமுக்குங்க."

விட்டுப்போன நாள்களுக்காகக் கூடுதலாக விழுங்கக் கூடாது, இன்றே முதல் நாளாகத் தொடங்கலாம், ஸ்கேன் ஏற்கெனவே குறித்த தேதியில் எடுக்கலாம் என்றார். பெரியம்மா அவர் கோட்டை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எல்லாப் பொத்தான்களும் இருந்தன.

வீட்டில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் நகத்தால் அம்பை உரித்து என் சட்டைக் கையில் ஒட்டினார். "சரி பண்ணிட்டு வா, காலேஜு."

அடுத்த பதினைந்தாம் நாள் ரத்த முடிவும் ஸ்கேன் முடிவும் ஒரே காலையில் வந்தன. கட்டி இருந்த அளவிலேயே இருந்தது. வெள்ளணு ஆயிரத்து நூறு. எண்ணைப் படித்துவிட்டு நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"கொறஞ்சிருக்குன்னு சொல்றேன், இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார் நர்ஸ்.

"அவ அப்படித்தான்மா. படிச்ச புள்ள" என்றார் பெரியம்மா, நர்ஸின் கைப்பட்டியில் தொங்கிய நூலைக் கிள்ளியபடி.