சித்தப்பாவின் வயிற்றில் ஆறு கட்டு

சட்டை போடுகிறவர்களுக்குத் தொப்பை சொந்த விஷயம். கோயிலில் பூஜை செய்கிற எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு அது ஊர் விஷயம். இடுப்பில் வேட்டி, தோளில் ஒரு துண்டு. நடுவில் இருப்பதெல்லாம் பக்தர்களின் பார்வைக்கு. அப்பாவின் தொப்பையை யாரும் குறை சொன்னதில்லை. விபூதிப் பட்டை போட அதில் தாராளமாக இடம் இருந்தது. அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்கும் கல்யாணத்துக்கு முன்பே அதே வாகில் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு குடும்பம் கோயிலுக்கு வந்தது. அந்த வீட்டுப் பெண்ணின் ஜாதகம் ஏற்கெனவே சித்தப்பாவுக்கு வந்திருந்தது. அம்மாதான், என்ன அவசரம், ரெண்டு வருஷம் போகட்டும் என்று அதைத் தள்ளி வைத்திருந்தாள். கற்பூரத் தட்டோடு சித்தப்பா வெளியே வந்ததும் அந்தப் பெண் தங்கையின் காதில் ஏதோ சொன்னாள். தங்கை சித்தப்பாவின் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். தட்டிலிருந்த விபூதி கொஞ்சம் தரையில் சிந்தியது.

அந்த வாரமே ஒரு பத்திரிகை வீட்டுக்குள் வந்தது. ஆசிரமம் பக்கம் அறையைக் காலி செய்த வெள்ளைக்காரர் யாரோ விட்டுப் போனது. அட்டைப் படத்தில் இருந்தவன் வயிறு, செங்கல் அடுக்கினதுபோல ஆறு கட்டாக இருந்தது. மந்திரத்தை மடமடவென்று சொல்லும் சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தகராறு. படங்களைப் பார்த்து மிச்சத்தை ஊகித்துக்கொண்டார். சோறு கிடையாது, உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது. முளைகட்டின பயறுதான். விடிவதற்கு முன்பு கிரிவலப் பாதையில் ஓட்டம். வந்ததும் மொட்டை மாடியில் மல்லாந்து படுத்துப் படுத்து எழுவார். கால் தூக்கிக்கொள்ளாமல் இருக்க அவருடைய பாதங்களின்மேல் நான் உட்கார வேண்டும். அதற்குக் கூலி, அவர் பங்குச் சர்க்கரைப் பொங்கல்.

"ஏதாவது தெரியறதாடா?"

"தெரியறது சித்தப்பா. எட்டு."

"அது விலா எலும்புடா, மண்டு! கீழே பாரு."

கீழே ஒன்றும் இல்லை. நான் பொங்கலைக் கவனித்தேன்.

வேறு ஊராக இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பார்கள். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை உப்பை விட்டு, பேச்சைக் குறைத்து, இருட்டில் எழுந்து மலையைச் சுற்றினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஏன்னா, உங்க தம்பி போக்கு சரியில்லை. காவி கட்டிண்டு கிளம்பிடுவான் போலிருக்கு" என்றாள் அம்மா.

"ஜாஸ்தி கற்பனை பண்ணாதே" என்றார் அப்பா. ஆனால் அவரும் இரண்டாவது தரம் ரசம் கேட்கவில்லை.

எனக்கு உண்மை தெரியும். தெரிந்து என்ன பயன்? கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாமியார்களை நினைத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் வயிறு ஒட்டி, விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவர்களும் ஆறு கட்டுக்கு ஆசைப்பட்டு ஆரம்பித்தவர்கள்தான், பாதியில் திரும்பி வரத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. உடனே தற்காப்பு நடவடிக்கையில் இறங்கினேன். காவி நிறத்துக்குத் தூரத்துச் சொந்தமான எல்லாத் துணியையும் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அம்மாவின் பட்டுப்புடவையும் அதில் சேர்த்தி.

மறுநாள் விடியலில் சித்தப்பா கதவைத் திறந்தபோது ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகத்தைப் புதைத்துக் கத்தினேன்: "சாமியாரா போகாதே சித்தப்பா! எனக்குப் பொங்கல் வேண்டாம்! நீயே சாப்பிடு!"

வீடே எழுந்துவிட்டது. அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "என்ன குறைடா வெச்சோம் உனக்கு? இந்த வயசுல சந்நியாசமா?"

சித்தப்பா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மலையைப் பார்த்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"என்னைப் பிடிச்சு வெக்க இங்கே யார் இருக்கா மன்னி?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஏன்னா, அந்தக் கீழ்பென்னாத்தூர் ஜாதகத்தை எடுங்கோ. இந்த மாசமே முகூர்த்தம் பாருங்கோ."

"உங்க இஷ்டம்" என்றார் சித்தப்பா. உள்ளே போய்ச் சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி கேட்டார்.

கல்யாண மணையில் வெற்று மார்போடு, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். சித்தி ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். அடுத்த கார்த்திகை தீபத்துக்குள் தொப்பை பத்திரமாகத் திரும்பிவிட்டது. நடுவில் என்னிடம் வந்த பங்கு மட்டும் திரும்பவே இல்லை. ஐம்பதை நெருங்கும் இன்றும் என் வேட்டிக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. சித்தப்பா சாமியாராகாமல் தடுத்த வீரன் என்று அம்மா பல வருஷம் எல்லோரிடமும் சொன்னாள். நானும் மறுக்கவில்லை.

அந்த விடியலில் அவர் வயிற்றில் முகத்தைப் புதைத்திருந்தேன் அல்லவா? அம்மா அழத் தொடங்கியதும், என் கன்னத்துக்கு அடியில் அது குலுங்கியது. கல்மாதிரி இறுகி, கட்டுக்கட்டாகப் புடைத்து, தளர்ந்து, மறுபடியும் இறுகியது. பாவம், அழுகையை அடக்குகிறார் என்று நினைத்து, நான் இன்னும் கெட்டியாகக் கட்டிக்கொண்டேன்.