தேர்க்கூட்டத்தில் போன சைக்கிள் பை

போன ஆனி மாதம், சிதம்பரத்தில் தேர் ஓடிய காலையில் நடந்தது இது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் சைக்கிள் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாற்பது தாண்டி சர்க்கரை வந்ததும் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, அலுவலகத்துக்கு சைக்கிளில் போக ஆரம்பித்தேன். காற்று முகத்தில் மோதுகிறது, கால் பறக்கிறது, எல்லாம் சரி. மதியச் சாப்பாட்டை எதில் எடுத்துப் போவது? முதுகில் மாட்டும் பை சட்டையில் வியர்வையால் தமிழ்நாட்டு வரைபடம் போட்டது. ஜவுளிக்கடைக் கட்டைப்பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் மிதிக்கு ஒரு தரம் முழங்காலை முட்டியது. கேரியரில் வைத்த டப்பா குலுங்கிக் குலுங்கி சாம்பாரை ரோட்டுக்கே ஊற்றியது.

கடைசியில், கடலூர் போயிருந்தபோது என் மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கேரியரின் பக்கவாட்டில் கொக்கி போட்டு மாட்டுகிற பை; ஒரே இழுப்பில் கழன்று கையோடு வந்துவிடும். வாயைச் சுருட்டி மூடினால் மழை நுழையாது. எனக்குக் கறுப்பு நிறம் வேண்டும், பூட்டு வேண்டும். கடையில் இருந்ததோ கண்ணைப் பறிக்கும் ஒரு பச்சை மஞ்சள். பூட்டும் கிடையாது.

"போலீஸ் ஜாக்கெட் கலரு மாமா! ரோட்டுல நின்னு லைசென்ஸ் கேக்கப் போறீங்களா?" என்று மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பூட்டு இல்லியே" என்றேன்.

"தயிர் சோத்த யாரு சார் திருடப் போறாங்க?" என்றார் கடைக்காரர்.

வேறு வழியில்லாமல் வாங்கினேன். அடுத்தது பூட்டு வைத்த கறுப்புப் பைதான் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அந்த மச்சானுக்குத்தான் தேரன்று கல்யாணம். பெண் சிதம்பரம். முகூர்த்தம் குறித்தவர்கள் கடலூர்க்காரர்கள். அன்றைக்கு சிதம்பரத்தில் தேர் என்பது பத்திரிகை அடித்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. மண்டபமோ தெற்குவீதியை ஒட்டிய சந்துக்குள். வண்டி எதுவும் உள்ளே வராது என்று நான் விடியும்போதே சைக்கிளில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தாயிற்று. ஐயர் தாலியைக் கேட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கடலூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவர வேண்டாம், பத்திரமாக இருக்கட்டும் என்று சிதம்பரத்திலேயே இருக்கும் எங்கள் வீட்டு பீரோவில் வைத்திருந்த தாலி, பத்திரமாக பீரோவிலேயே இருந்தது. அவள் எடுத்திருப்பாள் என்று நானும், நான் எடுத்திருப்பேன் என்று அவளும் இருந்துவிட்டோம்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். பீரோவைத் திறந்து, தாலி இருந்த மஞ்சள் சுருக்குப்பையை சைக்கிள் பைக்குள் வைத்து வாயைச் சுருட்டித் திரும்பி வந்தால், தெற்குவீதி முழுக்கத் தலைகள். தேர் வந்துவிட்டது. மேளம், சங்கு, தேங்காய் உடைபடும் சத்தம், தேரைச் சுற்றித் தொங்கி வானம் வரைக்கும் அசையும் துணித் தொம்பை. நான் இந்தப் பக்கம். எதிர்ப்பக்கம் சந்து முனையில் கட்டிய வாழைமரங்களுக்கு நடுவே, பட்டுப்புடவையில் கையைப் பிசைந்தபடி என் மனைவி. முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது.

"சைக்கிள உருட்டிக்கினு எங்க சார் போறீங்க? தேரு வர்றது தெரியல?" என்று மறித்தார் காவலர். அவர் ஜாக்கெட்டும் என் பையும் ஒரே நிறம்.

"தாலி சார். எதிர்ல கல்யாணம். தாலி இதுக்குள்ள இருக்கு."

பக்கத்தில் நின்ற பூக்கூடைக்கார அம்மா அலறினாள். "அய்யய்யோ, தாலியா! ஏங்க, பைய மட்டும் குடுங்க. தல மேலயே அனுப்பிச்சிடலாம்!"

தங்கம். பூட்டில்லாத பை. முகம் தெரியாத ஆயிரம் பேர். யோசிக்க நேரமில்லை, ஒரே இழுப்பு. காவலர் வாங்கித் தலைக்கு மேலே தூக்கினார். "கல்யாணப் பை! வாழமரத்துக்கிட்ட குடுங்க!" பை கிளம்பியது. கை, கை, கை. அத்தனை நிறங்களுக்கு நடுவிலும் அந்தப் பச்சை மஞ்சள் மட்டும் தனியாக மிதந்து போனதை என்னால் பார்க்க முடிந்தது.

பாதித் தெருவில் அது திரும்பியது. மேளச் சத்தத்தில் நடுவில் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. தேர் நின்றிருந்ததால் அர்ச்சனைத் தட்டுகள் கைமாறி மேலே போய்க்கொண்டிருந்தன. இதையும் சாமிக்குத்தான் என்று நினைத்து பக்தியோடு தேரை நோக்கி அனுப்பிவிட்டார்கள்! நான் கத்துகிறேன். காவலர் விசில் ஊதுகிறார். பூக்காரம்மா, "அது சாமிக்கு இல்லய்யா!" என்று குதிக்கிறாள். பை தேரில் ஏறியே விட்டது.

தேர்த்தட்டில் நின்ற தீட்சிதர் புரட்டிப் பார்த்தார். சுருட்டிய வாயைப் பிரித்தார். உள்ளே கை விட்டு அந்த மஞ்சள் சுருக்குப்பையை எடுத்து, அதையும் திறந்தார். நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். வாழைமரத்தைக் கண்டார். அதனடியில் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்த என் மனைவியைக் கண்டார். சுருக்குப்பையைச் சாமி பக்கம் ஒரு தரம் காட்டி, திரும்ப உள்ளே வைத்து மூடி, கையை நீட்டி வழி சொல்லிக் கொடுத்தார். இந்தத் தடவை பெண்கள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த கைக்குக் கொடுத்தார்கள். பை நேராகப் போய் என் மனைவியின் மார்பில் மோதியது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

என்னால் கடக்க முடியவில்லை. தேர் மேளம் மூச்சு வாங்கிய ஒரு நொடியில், சந்துக்குள்ளிருந்து கெட்டிமேளம் கேட்டது. பூக்காரம்மா கூடையிலிருந்து ஒரு பிடி பூவை அள்ளி அந்தத் திசைக்கு வீசினாள். காவலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

தேர் நகர்ந்த பிறகு மண்டபத்துக்குள் நுழைந்தால், மாலையும் கழுத்துமாக மச்சான் கத்தினான்: "மாமா, போலீஸ் ஜாக்கெட்டு சாமியெல்லாம் பாத்துட்டு வந்துருக்கே!"

கறுப்புப் பை இன்னும் வாங்கவில்லை. தினமும் தயிர் சோற்று டப்பாவை உள்ளே வைத்து வாயைச் சுருட்டும்போது, பூட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தை என் விரல் ஒரு தரம் தடவும். அந்த வெற்றிடத்தில் ஒரு தெருவே இன்னும் கை வைத்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.