பத்துக்கு நாலு

தங்கச்சி மேல் மெக்கானிக்குக்கு ஒரு கோபம் உண்டு. பட்டறைக்கு என்ன வயதோ அந்தக் கோபத்துக்கும் அதே வயது. திறப்பு நாளன்று பந்தல் போட்டு, ஊரையே சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அப்போதுதான் வானிலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த தங்கச்சி, "இடியோட கொட்டப் போகுது, யாரும் வெளிய கிளம்பாதீங்க" என்று எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். மழை கொட்டத்தான் செய்தது, பாலத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பந்தல் துணிகூட நனையவில்லை. அண்டா அண்டாவாகச் சோறு ஆறிப்போனது. அன்றிலிருந்து அவளுக்குப் 'பாலத்துக்கு அந்தப் பக்கம்' என்றே பெயர் வைத்துவிட்டார்.

அவள் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. "இடிமழை அப்படித்தான் அண்ணே. உலை கொதிக்கும்னு சொல்லலாம். முதல் குமிழி எங்க வரும்னு சொல்ல முடியுமா?" என்பாள். வானம் கறுத்தால் மற்றவர்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள்; அவள் மொட்டைமாடிக்கு ஓடுவாள். ராடார் திரையில் கண்ணை நட்டுவிட்டால் சோறு தண்ணி நினைப்பே கிடையாது. வாய் மட்டும் அண்ணனுக்குச் சளைத்ததில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கும்போது போன் அடித்தது.

"அண்ணே, மேல மலையில ஒரு மேகம் நின்ன இடத்துலயே நின்னு ஊத்துது. தள்ளிக்கிட்டுப் போகக் காத்தே இல்ல. அவ்வளவு தண்ணியும் உன் பட்டறைக்குப் பின்னால இருக்கற ஓடைக்குத்தான் வரணும். வண்டியெல்லாம் மேட்டுக்கு ஏத்து."

"இங்க துணி காயுது, நீ வேற. நிச்சயமா வருமா?"

"பத்துக்கு நாலு."

"அப்ப பத்துக்கு ஆறு வராது!"

"ரோட்டைத் தாண்டினா பத்துக்கு நாலு தடவை லாரி ஏறும்னா, தாண்டுவியா?"

மெக்கானிக் பட்டறையைத் திரும்பிப் பார்த்தார். பட்டறை நிறைய ஊரார் வண்டி. பாதி, இஞ்சின் கழற்றியவை. அவை முங்கினால் பிழைப்பே முங்கிவிடும். முனகிக்கொண்டே தள்ள ஆரம்பித்தார்.

எதிர்க்கடை டீக்காரர் சிரித்தார். "என்னய்யா, வண்டிக்கெல்லாம் வாக்கிங்கா?"

"பல்லைக் காட்டாம வந்து ஒரு கை குடு. அப்படியே உன் அடுப்பையும் தூக்கி மேல வை."

"சொன்னது யாரு, பாலத்துக்கு அந்தப் பக்கமா?" விழுந்து விழுந்து சிரித்தாலும், அடுப்பைத் தூக்கி வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார்.

கடைசி வண்டி மேடேறியதுதான் தாமதம், ஓடைப் பக்கம் ஓர் இரைச்சல். பளீரென்ற வெயிலில், ஒரு சொட்டு மழை விழாமல், சிவப்பாகத் தண்ணீர் சுழன்று வந்து பட்டறைக்குள் புகுந்தது.

"ஐயையோ, என் கடை பெஞ்சு போகுதே!"

"அதுவும் வாக்கிங் போகட்டும், விடுய்யா" என்றார் மெக்கானிக். இருவரும் மேட்டில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சிரிப்போடு சிரிப்பாகத் தங்கச்சிக்குப் போன் போட்டார். "வந்துருச்சும்மா! புட்டுப்புட்டு வச்சுட்டியே! ஒரு வண்டிகூட நனையல!" அந்தப் பக்கம் அவள் போட்ட கூச்சலில் காதே அடைத்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வந்த வழியே வடிந்தது; பட்டறைச் சுவரில் சேற்றுக் கோடு மட்டும் மிஞ்சியது. மெக்கானிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மறுபடியும் போன்.

"சுவத்தைக் கழுவிட்டியா?"

"இதோ, ஆரம்பிக்கப் போறேன்."

"கை வைக்காதே! மலையில இவ்வளவு மழை பேஞ்சா உன் சுவத்துல எவ்வளவு ஏறும்னு அளக்கணும். அப்பத்தான் அடுத்த தடவை இன்னும் தெளிவாச் சொல்ல முடியும். நான் வர்ற வரைக்கும் அந்தச் சேத்துக் கோட்டுக்குக் காவல் இரு அண்ணே."