பாவம் பார்த்து ஊற்றிய தண்ணீர்

அந்த அலுவலகத்தின் ஏழாவது மாடியில் அவளுக்குப் பெயர் செடியம்மா. வாரம் ஒருநாள் வந்து பன்னிரண்டு தொட்டிகளைக் கவனித்துவிட்டுப் போகிறவளுக்கு வேறு பெயர் எதற்கென்று அவளும் விட்டுவிட்டாள். முட்டிவலிக்காரி. லிஃப்ட் அன்றைக்குப் பார்த்து ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறி வந்தவளை மேனேஜர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"பாதிச் செடி வாடிக் கெடக்கு. நீங்க தண்ணியே ஊத்தறதில்லையாமே? என்ன விஷயம்னு மதியத்துக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா வேற ஆள் பார்த்துக்கறோம்."

இந்த மாடியும் போனால் அவளுக்கு மிச்சம் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையும் அதிலுள்ள இரண்டு தொட்டிகளும்தான்.

மண்ணுக்குள் விரலை விட்டாள். சொதசொதவென்றிருந்தது. உள்தொட்டியைத் தூக்கினாள். அழகுக்காக வைத்த, ஓட்டையே இல்லாத வெளித்தொட்டியில் தண்ணீர் தேங்கிச் சாக்கடை வாடை அடித்தது. வேர் பழுப்பாகிக் கையோடு உரிந்து வந்தது. வேர் அழுகிய செடியால் தண்ணீர் குடிக்க முடியாது, இலை தொங்கிவிடும். பார்க்கிற புண்ணியவான்கள் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். மேல்மண் காயாமல் ஊற்றாதீர்கள், தேங்கியதைக் கொட்டுங்கள் என்று இருபது வருஷமாகச் சொல்கிறாள். வாய் வலித்ததுதான் மிச்சம்.

தரை துடைக்கும் அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். தன் டீயில் பாதியை இவளுக்கு ஊற்றிக் கொடுக்கிறவள் அந்த மாடியிலேயே அவள் ஒருத்திதான்.

"நான்தான் தெனம் ரெண்டு மக் ஊத்தறேன்," என்றாள் தணிந்த குரலில். "எலை தொங்கினா உன்னையத்தானே திட்டுவாங்க. பாவமா இருந்துச்சு."

செடியம்மாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

மதியம் மேனேஜர் வந்தார்.

"தண்ணி அதிகமாயிடுச்சு சார். வேர் அழுகிடுச்சு."

"யாரு ஊத்தினா?"

அக்காவின் கையில் துடைப்பான் அப்படியே நின்றது.

"நான்தான் சார். கை கொஞ்சம் தாராளமாயிடுச்சு."

"இத்தனை வருஷ அனுபவம்னு சொன்னீங்க," என்றார் அவர். அடுத்த வாரம் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அழுகிய ஆறு செடிகளையும் குப்பைப் பைகளில் போட்டு, ஆளுக்கு மூன்றாகத் தூக்கிக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள். கீழ்ப்படி வந்ததும் அக்கா பைகளை இறக்கி வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மிச்சம் ஆறையும் நான் நல்லா பார்த்துக்கறேன், கவலைப்படாத."

"பாருங்கக்கா," என்றாள் செடியம்மா. "பார்த்துக்கிட்டு மட்டும் இருங்க."